ஸ்டாண்டர்டு ஹெரால்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தால் 1961 முதல் 1970களின் தொடக்கம் வரை தயாரிக்கப்பட்ட சிறிய தானுந்து ஆகும். இது பிரித்தானியாவின் ட்ரையம்ப் ஹெரால்டு தானுந்தின் இந்திய வடிவம். இந்துஸ்தான் அம்பாசிடர், பிரீமியர் நிறுவனத்தின் ஃபியட் ஆகியவற்றுடன் சேர்த்து, அக்கால இந்தியாவில் வாங்கக்கூடியதாக இருந்த மூன்று உள்நாட்டுத் தானுந்துகளுள் இதுவும் ஒன்று. மூன்றில் மிகக் குறைவாகத் தயாரிக்கப்பட்டதும், தமிழ்நாட்டிலேயே தயாரிக்கப்பட்ட ஒரே தானுந்தும் இதுவே. பழைய பிரித்தானிய விளையாட்டுத் தானுந்துகளில் ஈடுபாடு கொண்ட தமிழ்நாட்டு ஆர்வலர்கள் பலருக்கு, எட்டக்கூடிய விலையில் கிடைக்கும் முதல் வண்டியாக இன்றும் இது அமைகிறது.

பின்புலம்

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1903ஆம் ஆண்டு ரெஜினால்டு மோட்ஸ்லே என்பவரால் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் இந்நிறுவனம் நலிவுற்றிருந்த ட்ரையம்ப் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. நாளடைவில் 'ஸ்டாண்டர்டு' என்னும் சொல் ஆங்கிலத்தில் 'சாதாரணமானது' என்ற பொருளைப் பெற்றுவிட்டதால், விளையாட்டுத் தானுந்துகளால் புகழ்பெற்றிருந்த 'ட்ரையம்ப்' என்ற பெயரே முன்னிறுத்தப்பட்டது. 1963ஆம் ஆண்டுடன் பிரித்தானியாவில் ஸ்டாண்டர்டு என்ற பெயர் தானுந்துகளிலிருந்து மறைந்தது. ஆனால் சென்னையில் அப்பெயர் மேலும் 25 ஆண்டுகள் வாழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில் பிரித்தானியத் தானுந்துகளைப் பாகங்களாக இறக்குமதி செய்து பொருத்தும் தொழில், விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் வேரூன்றியது. ஆடிசன் நிறுவனம் மொரிஸ் வண்டிகளையும், எண்ணூரில் 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் ஆஸ்டின் ஏ40 வண்டிகளையும் பொருத்தி விற்றன. அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்ட் என்ற பெயரில் சுமையுந்துகளுக்கு மாறியது. வண்டலூரில் முதலில் ஸ்டாண்டர்டு வேன்கார்டு, பின்னர் சிறிய ஸ்டாண்டர்டு 8, 10 ஆகியவை பொருத்தப்பட்டன. உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் விலக வேண்டும் என்ற நிலையை 1950களில் மத்திய அரசு எடுத்தபோது, தாக்குப்பிடித்த தானுந்து நிறுவனங்களுள் ஸ்டாண்டர்டும் ஒன்று.

வடிவமைப்பு

ஹெரால்டின் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. பொறியியல் பொறுப்பை ஹாரி வெப்ஸ்டர் ஏற்றார். 1959 ஏப்பிரலில் இது பிரித்தானியாவில் வெளியிடப்பட்டது. அதற்கு முன், முன்மாதிரி வண்டிகள் ஆப்பிரிக்காவின் தென்முனையிலுள்ள கேப் டவுனிலிருந்து வடமுனையிலுள்ள டாஞ்சியர் வரை ஓட்டிச் சோதிக்கப்பட்டன. 'ஹெரால்டு' என்பது நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த ஆலிக் டிக்கின் படகுக்கு இருந்த பெயர் எனக் கூறப்படுகிறது.

1950களில் பெரும்பாலான தானுந்துகள் உடலும் அடிச்சட்டமும் ஒன்றேயான கட்டமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டோ பழைய முறைக்குத் திரும்பி, தனி அடிச்சட்டத்தின் மீது உடற்பகுதிகளைத் திருகாணிகளால் பூட்டும் வகையில் அமைக்கப்பட்டது. இதற்குக் காரணம் வணிகப் போட்டியே. ஸ்டாண்டர்டுக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் கிடைக்காததால், பல சிறு பட்டறைகளில் துண்டு துண்டாகச் செய்து வாங்கிப் பூட்டும்படி வண்டியை வடிவமைக்க நேர்ந்தது. நெருக்கடியில் பிறந்த இந்த ஏற்பாடு, தொலைதூர நாடுகளுக்குப் பாகங்களாக அனுப்பிப் பொருத்துவதற்கு மிகவும் வசதியாக அமைந்தது. ஹெரால்டு சென்னைக்கு வந்துசேர்ந்ததற்கும், 60 ஆண்டுகள் கடந்தும் சிறிய பட்டறைகளில் அதைப் பிரித்துக் கோக்க முடிவதற்கும் இதுவே அடிப்படை எனலாம்.

பொறி 948 கன செ.மீ. கொள்ளளவும் நான்கு உருளைகளும் கொண்டது (உருளை விட்டம் 63 மி.மீ., வீச்சு 76 மி.மீ.). நான்கு கியர்களில் முதலாவதற்கு ஒத்திசைவி கிடையாது. எனவே வண்டி நின்ற பிறகே அதில் போட வேண்டும். முன்சக்கரங்கள் மிகக் கூடுதலாகத் திரும்புவதால், ஏறத்தாழ 7.6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்திற்குள் வண்டியை முழுமையாகத் திருப்பிவிடலாம். அம்பாசிடர் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திரும்பும் தெருவில் ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிவிடும். பானெட், இரு பக்க மட்காப்புகளோடு ஒரே துண்டாக முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். பழுது பார்ப்பவர் முன்சக்கரத்தின் மீதே அமர்ந்துகொண்டு வேலை செய்யலாம்.

நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசையும் தொங்கமைப்பு, அக்கால விலை குறைந்த பிரித்தானியத் தானுந்துகளில் புதுமையானது. ஆயினும் பின்பக்கம் அமைந்த ஊசல் அச்சு முறையில் ஒரு குறை இருந்தது. இதில் இருபக்க அச்சுத்தண்டுகளும் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியை மையமாகக் கொண்டு மேலும் கீழும் ஊசலாடும். சக்கரமும் தண்டோடு சேர்ந்தே சாயும். வண்டியில் ஆள் இல்லாதபோது பின்சக்கரங்களின் அடிப்பகுதி உள்நோக்கியும், பாரம் ஏறியதும் வெளிநோக்கியும் சாய்ந்து நிற்கும். வளைவில் வேகமாகச் சென்று திடீரென விசையைக் குறைத்தால், பின்பகுதி மேலெழுந்து வெளிப்புறச் சக்கரம் உள்மடிந்து பிடிமானத்தை இழக்கக்கூடும். குடும்பத்தோடும் மூட்டை முடிச்சுகளோடும் செல்லும் இந்தியப் பயணத்தில் இச்சாய்வு டயர்களையும் விரைவில் தேய்த்தது.

சென்னைத் தயாரிப்பு

1961இல் இரண்டு கதவுகள் கொண்ட ஹெரால்டு வெளிவந்தது. தொடர்ந்து இரண்டாம் குறி, மூன்றாம் குறி ஆகியவை வந்தன. ஆண்டுதோறும் உள்நாட்டுப் பாகங்களின் பங்கு உயர்ந்தது. இதே ஆண்டுகளில் சென்னையைச் சுற்றி உருவான உதிரிபாகத் தொழிற்சாலைகளை இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மதுரையில் வேரூன்றிய டி.வி.எஸ். குழுமத்தார் பாடியில் வீல்ஸ் இந்தியா (1960), லூகாஸ் டி.வி.எஸ். (1961), பிரேக்ஸ் இந்தியா (1962) ஆகியவற்றைப் பிரித்தானியக் கூட்டுறவுடன் நிறுவினர். செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் முன்பே இயங்கிவந்தது. சக்கரம், மின்னாக்கி, நிறுத்தி, உந்துதண்டு என ஒரு தானுந்தின் முக்கிய உறுப்புகள் அனைத்தும் ஒரு நகரின் எல்லைக்குள்ளேயே கிடைக்கும் நிலை அன்று ஏற்பட்டது.

பிரித்தானியாவில் 1961இலேயே 1147 கன செ.மீ. பொறி வந்துவிட்டபோதும், சென்னையில் 948 கன செ.மீ. பொறி இறுதிவரை மாற்றப்படவில்லை. மாறாக உடலமைப்பில் இரண்டு மாற்றங்கள் இங்கு செய்யப்பட்டன. பின்னிருக்கைக்கு முன்னிருக்கையை மடக்கி ஏறுவது, பெரியவர்களையும் புடவை உடுத்திய பெண்களையும் ஏற்றிச்செல்லும் குடும்ப வண்டிக்குப் பொருந்தாது. எனவே 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டு உருவாக்கப்பட்டது. கம்பானியன் என்ற பெயரில் பின்பக்கம் நீண்ட சுமைவசதி வடிவமும் வந்தது. ட்ரையம்ப் ஹெரால்டு உலகில் ஐந்து இலட்சத்திற்கும் மேல் தயாரிக்கப்பட்டது. ஆனால் நான்கு கதவு கொண்ட ஹெரால்டு இந்தியாவுக்கே உரியது.

1969இல் மூன்று உள்நாட்டுத் தானுந்துகளின் விற்பனை விலையையும் மத்திய அரசு ஆணையிட்டு நிர்ணயித்தது. நிறுவனங்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1971இல் தீர்ப்பாயிற்று. குறைந்த எண்ணிக்கையில் தயாரித்த ஸ்டாண்டர்டுக்கு விலைக்கட்டுப்பாடு மற்ற இரண்டையும்விடக் கடினமாக இருந்திருக்க வேண்டும். ஒரு அச்சுக்கருவியின் செலவைப் பகிர்ந்துகொள்ள அதனிடம் இருந்த வண்டிகள் குறைவு.

1972இல் ஹெரால்டின் உடலைத் திருத்தி ஸ்டாண்டர்டு கசெல் வெளியிடப்பட்டது. ஓட்டுநர்களும் பழுதுபார்ப்போரும் விரும்பாத ஊசல் அச்சு இதில் நீக்கப்பட்டு, வழக்கமான ஒற்றை அச்சு பொருத்தப்பட்டது. 1977இல் கசெல் நின்றது. எட்டு ஆண்டுகள் கழித்து 1985இல், ரோவர் எஸ்.டி.1 தானுந்தின் உடலில் பழைய வேன்கார்டு வழிவந்த 2 லிட்டர் பொறியைப் பொருத்தி ஸ்டாண்டர்டு 2000 என்ற வண்டி கொண்டுவரப்பட்டது. மாருதி வந்துவிட்ட அக்காலத்தில் எடை மிகுந்த, எரிபொருள் அதிகம் கேட்கும் இவ்வண்டி விலைபோகவில்லை. 1988இல் தயாரிப்பு நின்றது. ஸ்டாண்டர்டு என்ற பெயரும் அத்துடன் முடிந்தது.

கையால் கட்டப்பட்ட வண்டிகளும் ஹெரால்டும்

பிரித்தானியாவில் கையால் கட்டப்படும் தானுந்துகளுக்குத் தனி மரபு உண்டு. மால்வெர்ன் நகரின் மோர்கன் நிறுவனம் சாம்பல்மரச் சட்டத்தின் மீது தகடு போர்த்தி வண்டி செய்யும் முறையை இன்றும் கைவிடவில்லை. பிரிஸ்டல், ஜென்சன் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்குச் சில நூறு வண்டிகளோ அதற்கும் குறைவாகவோ செய்து விற்றன. ஹெரால்டு இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்ட எளிய குடும்ப வண்டியே. சில ஆர்வலர்கள் இதனைக் 'கைவேலை வண்டி' எனப் பெருமையாகக் குறிப்பிடுவது சரியன்று.

எனினும் இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி அமைக்கப்பட்டதே 1962 முதல் 1980 வரை மூன்று இலட்சத்திற்கும் மேல் விற்ற ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் திறந்த விளையாட்டுத் தானுந்து. ஆறு உருளைப் பொறி கொண்ட விட்டெஸ், ஜி.டி.6 ஆகியவையும் இதே குடும்பம். மேலும், துருப்பிடித்த ஹெரால்டின் உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சிய அடிச்சட்டத்தின் மீது பழைய பாணி விளையாட்டு உடலை வீட்டுக் கொட்டகையில் வைத்துக் கட்டிக்கொள்ளும் வழக்கம் 1970களிலிருந்து பிரித்தானியாவில் பரவியது. ஸ்பார்ட்டன், ஜென்ட்ரி, மாஸ் போன்ற பெயர்களில் இதற்கான பாகத்தொகுதிகள் விற்கப்பட்டன. இதனால் பல்லாயிரம் ஹெரால்டுகள் அங்கு அழிந்தன என்பது இதன் மறுபக்கம்.

இந்தியாவில் ஸ்பிட்ஃபயர் தயாரிக்கப்படவில்லை. எனவே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் (1953இல் தொடங்கப்பட்டது) நடத்திவந்த பந்தயங்களில், பொறி செப்பனிடப்பட்ட ஹெரால்டுகளே அதன் இடத்தை நிரப்பின. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்பட்ட பின் சோழவரத்தின் காலம் முடிந்தது.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதியும் பராமரிப்பும்

மதுரை மாவட்டத் திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 (முன்பு 208) திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த இப்பகுதி, பழைய பிரித்தானிய வண்டிகளுக்கு இருவகையில் ஏற்றது. ஒன்று காலநிலை. பிரித்தானியாவில் ஹெரால்டை அழித்தது பெரும்பாலும் துருவே. குளிர்காலத்தில் பனியுருகச் சாலையில் தூவப்படும் உப்பு, அடிச்சட்டத்தின் பக்கக் கிளைகளை அரித்துவிடும். சென்னையில் கடற்காற்று அதே வேலையைச் சற்று மெதுவாகச் செய்கிறது. உள்நாட்டு வறண்ட பகுதியில் இரும்பு பிழைக்கிறது. ஆனால் வெயில் கதவு ரப்பர்களையும் இருக்கை உறைகளையும் விட்டுவைப்பதில்லை.

மற்றொன்று பட்டறை. இராஜபாளையம் மில்ஸ் 1936இல் தொடங்கப்பட்டது முதல் இங்கு நூற்பாலைத் தொழில் வளர்ந்தது. ஆலை உள்ள ஊரில், தேய்ந்த இயந்திர உறுப்பை அளந்து அதேபோல் கடைந்து கொடுக்கும் லேத்துப் பட்டறையும் இருக்கும். ஹெரால்டு போன்ற வண்டியைக் காப்பாற்ற வேண்டிய கைத்திறன் பெரும்பாலும் இதுதான். பின்பக்கம் குறுக்காக அமைந்த கமான் பட்டையைப் பிரித்து வளைவேற்றிக் கட்டுவதற்கும் சுமையுந்துப் பட்டறைகளில் ஆள் உண்டு.

ஆயினும் ஓர் உறுப்பில் மட்டும் பழக்கப்பட்ட கைகளே தவறு செய்வதுண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத்தண்டின் அடிமுனை, ட்ரனியன் எனப்படும் பித்தளைத் தாங்கியில் மரைபோலத் திருகி நிற்கிறது. சக்கரம் திரும்பும்போதெல்லாம் இம்மரை சுழல்கிறது. இதற்கு இடவேண்டியது 90ஆம் எண் கியர் எண்ணெய். கிரீசு அன்று. மற்ற வண்டிகளின் பழக்கத்தில் கிரீசை அடைத்தால் அது மரையின் ஆழத்திற்குச் செல்லாமல் வழியை அடைத்துக்கொள்ளும். உள்ளே ஈரம் தங்கி எஃகு அரிக்கும். ஒரு நாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடிந்து விழும். பழைய ஹெரால்டு வாங்குவோர் வண்ணப்பூச்சைப் பார்ப்பதற்கு முன் இதைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. புதிதாகக் கடைந்து போடுவதாயின், இடப்பக்கத்திற்கும் வலப்பக்கத்திற்கும் மரை எதிரெதிர்த் திசையில் அமைவதைக் கவனிக்க வேண்டும்.

பொறியிலும் இதுபோன்ற ஒரு சோதனை உண்டு. கிளட்சை ஒருவர் மிதிக்க, மற்றொருவர் முன்பக்கக் கப்பியைப் பார்க்க வேண்டும். கப்பி கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால், வணரித்தண்டின் அரைவட்ட உந்துவளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அவை கழன்று விழுந்த பின்னும் ஓட்டினால் பொறிக்கூடே வீணாகும்.

எரிபொருளும் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டு இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. ஈயம் வால்வு இருக்கைகளைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்ததால், ஹெரால்டு போன்ற பழைய பொறிகளில் கடின எஃகு இருக்கை வளையங்களைப் பதிப்பது தேவையாயிற்று. அண்மை ஆண்டுகளில் பரவிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர்க் குழாய்களையும் எரிபொருள் எக்கியின் மென்தகட்டையும் இளக்கிவிடும். குழாய் கசியும் இடம் வெப்பமான புகைபோக்கிக்கு அருகிலாயின் தீ விபத்தாகும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுவது அழகுபடுத்தும் வேலைகளுக்கெல்லாம் முந்தியது.

உதிரிபாகங்களைப் பொருத்தவரை நிலைமை விந்தையானது. ஸ்பிட்ஃபயரை விரும்புவோர் உலகெங்கும் இருப்பதால், ட்ரனியன், நிறுத்தி, திருப்புப் பற்சட்டம் போன்றவை பிரித்தானியாவில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. திருவில்லிபுத்தூரில் நிற்கும் வண்டிக்கு வேண்டிய உறுப்பை அங்கிருந்து வரவழைக்கலாம். ஆனால் அதே வண்டி நான்கு கதவு வகையாக இருந்து பின்கதவு நசுங்கிவிட்டால் உலகில் எங்கும் புதுக்கதவு கிடைக்காது. டிங்கர் வேலை தெரிந்தவர் தட்டி நிமிர்த்த வேண்டும், அல்லது உடைக்கப்பட்ட மற்றொரு வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். இலங்கையில் மொரிஸ் மைனருக்கு இதற்கு மாறான நிலை இருந்தது. அங்குள்ள கைவினைஞர்கள் செய்த மைனர் உடற்தகடுகள், பிரித்தானிய ஆர்வலர்களுக்கே ஏற்றுமதியாயின. அத்தகைய முயற்சி நான்கு கதவு ஹெரால்டுக்கு நடக்க வாய்ப்புக் குறைவு, ஏனெனில் வெளிநாட்டில் அதற்கு வாங்குவோர் இல்லை.

பதிவும் சட்டமும்

2021 சூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வண்டிகளுக்கான தனி விதிகளை அறிவித்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதன்கீழ் வரும். புதிதாகப் பதிவதற்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். எண்பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். முன்பே பதிவான வண்டிகள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்காக ஓட்டலாம். நாள்தோறும் அலுவலகம் செல்லவோ வணிகத்திற்கோ பயன்படுத்தக் கூடாது.

ஹெரால்டுகள் அனைத்தும் இப்போது இவ்வயதைக் கடந்துவிட்டன. கடைசிக் கசெல்கள் 2027இல் கடக்கும். சிக்கல் வயதில் இல்லை. அடிச்சட்டம், உடற்கூடு, பொறி ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாதிருக்க வேண்டும் என்பது விதி. தயாரிப்பு நின்ற பின், பாகங்கள் கிடைக்காத ஆண்டுகளில், வண்டியை ஓடவைப்பதற்காக வேறு தானுந்தின் பொறியைப் பொருத்தியவர்கள் உண்டு. அன்று அவ்வாறு செய்யாதிருந்தால் அவ்வண்டிகள் பழைய இரும்புக்குப் போயிருக்கும். இன்று அச்செயலே அவற்றுக்குப் பழம்பெரும் வண்டி என்ற தகுதியை மறுக்கிறது. எனவே 948 பொறி ஒன்று, ஓடாத நிலையில் இருந்தாலும், எண் அழியாமல் இருந்தால் ஆர்வலர்களிடையே மதிப்புப் பெறுகிறது.

ஆவணங்களும் முக்கியமானவை. ஹெரால்டு விற்பனையான காலத்தில் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. 1985இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டு இன்றைய விருதுநகர் மாவட்டம் உருவானது. இப்போது விருதுநகருக்கு டி.என். 67, திருவில்லிபுத்தூருக்கு டி.என். 84 என்ற தொடர்கள் வழங்குகின்றன. பழைய பதிவுப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டவர், அன்றைய மாவட்டத்தில் பதிவான வண்டியின் உரிமையை இன்றைய அலுவலகத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். தந்தையின் பெயரிலோ தாத்தாவின் பெயரிலோ உள்ள வண்டிகளுக்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் சேர்த்தே தேவைப்படும். பதிவுப் புத்தகத்திலுள்ள அடிச்சட்ட எண்ணும் பொறி எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவையோடு ஒத்துள்ளனவா என்பதை, வண்ணம் பூசுவதற்கு முன்பே ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கடுக்கான வண்ணப்பூச்சுக்கு அடியில் எண் மறைந்துபோன வண்டிகள் பல.